எம்.ஆர்.ஐ.யோடு ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் எடுக்கச் சொல்கிறார்கள்: புற்றுநோய் விஷயத்தில் அது எவ்வளவு தூரம் நம்பகம்?

#1 · வேம்படியான்

சித்தப்பாவுக்கு 54 வயது. மூளையில் இடது டெம்பொரல் பகுதியில் கட்டி. ஆபரேஷன் ஆனது, பயாப்சியில் கிளையோபிளாஸ்டோமா, அதாவது வேகமாக வளரும் மூளைப் புற்று, என்று வந்தது. அப்புறம் 30 தவணையாகப் பிரித்து 60 கிரே ரேடியேஷன், கூடவே டெமோசோலமைடு என்கிற கீமோ மாத்திரை. ரேடியேஷன் முடிந்து பத்து வாரம் ஆகிறது. போன வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஆபரேஷன் செய்த குழியை ஒட்டி, கான்ட்ராஸ்ட் ஊசி பிடிக்கிற புது வளையம் ஒன்று தெரிகிறதாம். ரிப்போர்ட்டின் கடைசி வரி: கட்டி திரும்பி வந்ததா, ரேடியேஷனின் விளைவா என்று பிரிக்க எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி செய்து பார்க்கலாம்.

ஆபரேஷன் செய்த டாக்டர் "எடுத்துடுங்க" என்கிறார். ரேடியேஷன் டாக்டர் "அதை வைத்து நான் எதையும் மாற்றப் போறதில்லை, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்போம்" என்கிறார். நான் பி.காம். படித்தவன், வீட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். அதே மெஷின்தான், புதுசாக ஊசி எதுவும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் அது புதிதாக எதைப் பார்க்கிறது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · புரோட்டான் சுப்பு

நான் கெமிஸ்ட்ரி ஆள், டாக்டர் இல்லை. மெஷின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

எம்.ஆர்.ஐ. என்பது தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கரு தரும் சிக்னலைப் படமாக்குவது. சிக்னல் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதுதான் அதற்கு முக்கியம். ஸ்பெக்ட்ரோஸ்கோபி எந்த மூலக்கூறிலிருந்து வந்தது என்று பார்க்கிறது. ஹைட்ரஜனைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் வெளிக் காந்தப்புலத்தைத் துளியூண்டு மறைக்கும். அந்த மறைப்பு மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும். அதற்கேற்ப அதிர்வெண்ணும் தள்ளிப்போகும். அந்தத் தள்ளலைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, பி.பி.எம். கணக்கில், கிராஃபின் அடிக்கோட்டில் குறிப்பார்கள். எண்கள் வலமிருந்து இடமாக ஏறும். தண்ணீர் 4.7, கோலின் 3.2, கிரியேட்டின் 3.0, என்.ஏ.ஏ. என்கிற என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட் 2.0, லாக்டேட் 1.3.

இதில் சிக்கல் இரண்டு. முதலாவது, தண்ணீரோடு ஒப்பிட்டால் இந்த மூலக்கூறுகள் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். தவில் கச்சேரி நடுவே கொசு ரீங்காரத்தைப் பதிவு செய்கிற வேலை. அதனால் முதலில் தண்ணீரின் சிக்னலை அடக்கிவிட்டுத்தான் கேட்கவே ஆரம்பிப்பார்கள். இரண்டாவது, 1.5 டெஸ்லா மெஷினில் ஹைட்ரஜனின் அதிர்வெண் 64 மெகாஹெர்ட்ஸ். கோலினுக்கும் கிரியேட்டினுக்கும் நடுவே இருக்கும் 0.2 பி.பி.எம். அங்கே வெறும் 13 ஹெர்ட்ஸ்தான். அந்த இடத்தில் காந்தப்புலம் கொஞ்சம் ஒழுங்கு தவறினாலும் இரண்டு சிகரமும் ஒன்றாகக் கரைந்து ஒரு மேடாகிவிடும். 3 டெஸ்லாவில் இடைவெளி இரட்டிப்பாகும், கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் இருவரும் 1946-இல் கண்டுபிடித்து 1952-இல் நோபல் வாங்கிய காந்த ஒத்ததிர்வு என்கிற அதே விஷயம்தான். நாங்கள் சோதனைக் குழாயில் செய்வதை மனிதர் மூளைக் கட்டியில் ஹைட்ரஜனை வைத்துச் செய்து, வகை பிரிக்கலாம் என்று 1989-இல் ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் ப்ரூன், ஃப்ராம் குழுவினர் காட்டினார்கள்.

#3 · நிழல்படம்

ரேடியாலஜிஸ்ட். தினமும் இதைப் படிக்கிற ஆள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் சித்தப்பாவின் படத்தை நான் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்.ஏ.ஏ. நரம்பு செல்லில் இருப்பது. கட்டி அந்த இடத்தை ஆக்கிரமித்தால் அது விழும். கோலின் சிகரம் என்று நாங்கள் சொல்வது உண்மையில் கோலின், பாஸ்போகோலின், கிளிசரோபாஸ்போகோலின் எல்லாம் சேர்ந்தது. செல் சவ்வைக் கட்டவும் இடிக்கவும் ஓடுகிற சரக்கு. வேகமாகப் பெருகுகிற செல்லுக்கு நிறையச் சவ்வு வேண்டும் என்பது பழைய விளக்கம். ஆனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அபோயேயும் புஜ்வாலாவும் 1999-இல் மார்பக செல்களை வைத்துக் காட்டியது இன்னும் சுவாரசியம்: செல் புற்றுநோயாக மாற மாற பாஸ்போகோலின் ஏறிக்கொண்டே போகிறது, பெருகும் வேகத்தோடு மட்டும் அதை முடிச்சுப்போட முடியாது. கோலின் கைனேஸ் என்கிற என்சைமே முடுக்கிவிடப்பட்டிருக்கிறது.

லாக்டேட் தெரிந்தால் ஒன்று ஆக்சிஜன் பற்றவில்லை, இல்லையென்றால் ஆக்சிஜன் இருந்தும் செல் சர்க்கரையை லாக்டேட்டாகவே தள்ளுகிறது. 1920-களில் ஓட்டோ வார்பர்க் சொன்னது இந்த இரண்டாவது விஷயம். 0.9, 1.3 இரண்டிலும் அகலமான கொழுப்புச் சிகரம் எழுந்தால் திசு செத்துப்போயிருக்கிறது என்று பொருள்.

ஆக, சாதாரண மூளையில் கோலினிலிருந்து கிரியேட்டின் வழியாக என்.ஏ.ஏ. வரை ஒரு கோடு இழுத்தால் அது மேல்நோக்கி ஏறும், ஏறத்தாழ 45 டிகிரி. ஹன்டர் கோணம் என்போம். கட்டியில் அது தலைகீழாகச் சாயும். ரேடியேஷனில் இறந்த திசுவில் எல்லாச் சிகரமும் தரையோடு கிடக்கும், கொழுப்பும் லாக்டேட்டும் மட்டும் தலைதூக்கும்.

புத்தகத்தில் இவ்வளவுதான். நிஜத்தில் பத்து வாரத்தில் எடுக்கிற வளையத்தில் செத்த திசுவும் உயிருள்ள கட்டியும் ஒரே கன சென்டிமீட்டருக்குள் பிசைந்து கிடக்கும். வரைபடமும் நடுவாந்தரமாக வரும். அப்போது ரிப்போர்ட்டில் "இரண்டும் கலந்திருக்கலாம்" என்று எழுதுவோம். அதைப் படித்துவிட்டு வீட்டுக்காரர்கள் எங்களைத் திட்டுவார்கள்.

#4 · ஐயப்பேர்வழி

மேடம் நியாயமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தத் துறையின் ஜாதகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். புற்றுநோயும் காந்த ஒத்ததிர்வும் சேருகிற இடத்தில் அவ்வப்போது ஒரு பெரிய அறிவிப்பு வரும், அப்புறம் ஆள் காணாமல் போவார்.

1971-இல் ரேமண்ட் டமாடியன் சயன்ஸ் இதழில் எழுதினார், எலியின் கட்டித் திசுவில் தண்ணீரின் தளர்வு நேரம் (தூண்டப்பட்ட அணுக்கரு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்) நீளம் என்று. உண்மைதான். ஆனால் வீக்கம், அழற்சி என்று புற்றுநோய் அல்லாத பலவற்றிலும் நீளம்.

1986 இன்னும் சுவை. பாஸ்டனில் எரிக் ஃபோசெல் குழு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை போட்டது. 331 பேரின் ரத்த பிளாஸ்மா. தண்ணீரை அடக்கி, கொழுப்புச் சிகரங்களின் அகலத்தை அளந்தால் போதும், புற்றுநோய் உள்ளவரைத் தனியே பிரிக்கலாம் என்றார்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயும்! கர்ப்பிணிகளும் புற்று அல்லாத புரோஸ்டேட் வீக்கக்காரர்களும் அதே வலையில் விழுந்தபோதே யோசித்திருக்க வேண்டும். பல ஆய்வகங்கள் செய்து பார்த்தன. பெரும்பாலும் அளந்தது ரத்தத்தின் ட்ரைகிளிசரைடை. 1990-இல் அதே இதழிலேயே இது வேலைக்காகாது என்று கட்டுரை வந்தது. சாப்பாட்டையும் உடல்வாகையும் அளந்துவிட்டு கேன்சர் என்று பெயர் வைத்த கதை.

#5 · புரோட்டான் சுப்பு

ஐயா, ஃபோசெல் கதை குழாயில் இருந்த பிளாஸ்மா. இங்கே கேட்பது உடம்புக்குள்ளே, கட்டி இருக்கும் இடத்திலேயே எடுக்கிற வரைபடம். அதில் சிகரம் எந்த மூலக்கூறு என்று பெயர் சொல்ல முடியும். ஃபோசெல் பார்த்தது பெயரில்லாத ஒரு மேட்டின் அகலம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

#6 · ஐயப்பேர்வழி

வைக்க வேண்டாம். உடம்புக்குள்ளேயே எடுத்ததைச் சொல்கிறேன்: புரோஸ்டேட். மலக்குடலுக்குள் சிக்னல் வாங்குகிற கம்பிச்சுருளை (காயில்) வைத்து எடுத்தார்கள், எத்தனை ஆண்டு எத்தனை கட்டுரை! அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஏ.சி.ஆர்.ஐ.என். ஆய்வு 2009-இல் வெளியானது. 110 பேர், எல்லோருக்கும் பிறகு ஆபரேஷன் செய்து திசுவோடு ஒப்பிட்டார்கள். கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வதில், எம்.ஆர்.ஐ. மட்டும் பார்த்தவரைவிட ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் சேர்த்துப் பார்த்தவர் ஒரு மாற்று அதிகம் ஜெயிக்கவில்லை. புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ.யை எப்படிப் படிப்பது என்று சொல்லும் வழிகாட்டி பை-ராட்ஸ். 2012-இல் வந்த அதன் முதல் பதிப்பில் இதற்கு ஓர் இடம் இருந்தது. 2015 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் சோலி முடிந்தது.

#7 · நிழல்படம்

புரோஸ்டேட் விஷயத்தில் ஐயப்பேர்வழியோடு சண்டை இல்லை. என் டிபார்ட்மென்ட்டிலும் யாரும் எடுப்பதில்லை. திசுவுக்குள் தண்ணீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படம் வந்து அந்த வேலையைச் சுளுவாக முடித்துவிட்டது. ஆனாலும் அதன் உயிர்வேதியியல் அழகானது, சொல்லாமல் விட மனசில்லை. புரோஸ்டேட் சுரப்பி துத்தநாகத்தைச் சேர்த்து வைக்கும். துத்தநாகம் அக்கோனிட்டேஸ் என்சைமைத் தடுக்கும். அதனால் சிட்ரேட் மேற்கொண்டு எரியாமல் குவியும், 2.6-இல் கொழுத்த சிகரமாகத் தெரியும். புற்று செல் துத்தநாகத்தைத் தொலைத்துவிடும், சிட்ரேட் எரிந்துபோகும், கோலின் ஏறும். உயிரியல் சரி. எந்திரமும் நேரமும் ஒத்துழைக்கவில்லை.

ஆனால் ஐயா, நம் நாட்டில் மூளைக்குள் வளையம் பிடிக்கிற ஒரு முடிச்சைப் பார்த்தால் முதலில் என்ன நினைப்பீர்கள்? வெளிநாட்டுப் புத்தகம் மெட்டாஸ்டாஸிஸ் (வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று), கிளையோமா (மூளையிலேயே தோன்றும் கட்டி) என்று ஆரம்பிக்கும். இங்கே காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் இளம்புழு தங்கிய நீர்ப்பை, சீழ்க்கட்டி மூன்றையும் தாண்டித்தான் கேன்சருக்கு வர வேண்டும். இந்த இடத்தில் ஸ்பெக்ட்ரோஸ்கோபி எனக்குக் கைகொடுத்த அளவுக்கு வேறெங்கும் கொடுத்ததில்லை.

சீழ்க்கட்டிக்குள் வெள்ளணுக்களின் என்சைம்கள் புரதத்தை உடைக்கும். லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய அமினோ அமிலங்கள் 0.9-இல் தெரியும். கிருமியே தயாரிக்கிற அசிட்டேட் 1.9-இல், சக்சினேட் 2.4-இல். எந்தக் கேன்சர் கட்டியும் தானாக அசிட்டேட்டையும் சக்சினேட்டையும் சேர்த்துக் காட்டாது. காசநோய்க் கட்டியில் இவை எதுவும் இராது, கொழுப்புச் சிகரம்தான் ஓங்கி நிற்கும். காச நோய்க்கிருமியின் உடம்பே கொழுப்பு மயம். லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவக் கழகத்தில் ராகேஷ் குப்தா குழு இதை ஆண்டுக்கணக்கில் செய்தது. காசநோய் சீழ்க்கட்டியில் அமினோ அமிலச் சிகரம் வருவதில்லை, சாதாரணப் பாக்டீரியா சீழில் வருகிறது என்று பிரித்துக் காட்டியவர்கள் அவர்கள்.

ஒரு நுணுக்கம். 0.9-இல் கொழுப்பும் நிற்கும், அமினோ அமிலமும் நிற்கும். எப்படிப் பிரிப்பது? எதிரொலி நேரம், டி.ஈ. (துடிப்பு கொடுத்ததற்கும் சிக்னலைக் கேட்பதற்கும் நடுவே விடுகிற இடைவெளி) என்பதை 135 அல்லது 144 மில்லிசெகண்டில் வைத்து எடுத்தால் அமினோ அமிலச் சிகரம் கோட்டுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும், கொழுப்பு நிமிர்ந்தே இருக்கும். 1.3-இல் லாக்டேட்டும் அப்படியே கவிழும். குப்புற விழுந்த ஒரு சிகரத்தைப் பார்த்துத்தான் பல நேரம் "மண்டையைத் திறக்க அவசரம் வேண்டாம், முதலில் ஊசி வைத்துச் சீழை எடுங்கள்" என்று சொல்கிறோம்.

#8 · தேன்மொழி ஈரோடு

மேடம், இதை நானும் சொல்லியே ஆகணும். என் அக்கா பையனுக்கு ஏழு வயசில் சிறுமூளைக் கட்டி. முதல்ல எடுத்த சென்டர்ல ஸ்பெக்ட்ரோஸ்கோபி ரிப்போர்ட்ல "கோலின் மிக அதிகம், லாக்டேட் உள்ளது, உயர்நிலை வீரியக் கட்டி" அப்படினு எழுதிட்டாங்க. நாலு நாள் வீட்ல அடுப்பு எரியல. ஆபரேஷன் முடிஞ்சு பயாப்சி பார்த்தா பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 1, அதாவது மெதுவா வளர்ற வகை. முழுசா எடுத்துட்டாங்க, இப்ப ஸ்கூல் போறான். அந்த ரிப்போர்ட் எழுதினவங்க யாருனு சொல்ல விரும்பல. ஆனா இப்படி எப்படி தப்பா வரும்?

#9 · நிழல்படம்

தேன்மொழி, உங்கள் அக்காவுக்கு என் அன்பு. வரைபடம் தப்பாக வரவில்லை. அதைப் படித்த விதம் தப்பு. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா இந்த விஷயத்தில் பேர்போன ஏமாற்றுக்காரக் கட்டி. கோலின் ஏறும், என்.ஏ.ஏ. விழும், லாக்டேட்டும் வரும். ஆனால் கிரேடு 1. வயதும், இடமும், படத்தில் நீர்ப்பையோடு ஒட்டிய முடிச்சும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வரைபடத்தை மட்டும் தனியாக எடுத்து கிரேடு எழுதுகிறவரிடம் இப்படித்தான் நடக்கும். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் புற்றே இல்லை, நரம்பு உறை சேதமாகும் நோய். அதில் கட்டி மாதிரி வீங்கி நிற்கிற வகை ஒன்று உண்டு. அதுவும் அச்சு அசலாகக் கட்டி போலவே வரைபடம் தரும்.

குழந்தைகளில் உபயோகமான இடமும் இருக்கிறது. மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற சிறுமூளைப் புற்றில் 3.4-ஐ ஒட்டி டாரின் தெரிந்தால் அது நல்ல தடயம். பெரியவர்களில் மெனிஞ்சியோமா என்கிற மூளையுறைக் கட்டிக்கு 1.5-இல் அலனின்.

#10 · காந்தக்காரன்

டாக்டர்கள் பேசி முடிச்சாச்சா? டெக்னீஷியன் பேசலாமா?

ரிப்போர்ட்டோட தலையெழுத்து கன்சோல்ல நாங்க பெட்டி வைக்கிற இடத்துலயே முடிவாயிடும். பெட்டின்னா சிக்னல் எடுக்கிற இடத்துக்கு நாங்க போடுற சதுரக் கட்டம், அதுக்குத்தான் வாக்ஸல்னு பேர். சிங்கிள் வாக்ஸல்னா ஒரே பெட்டி, பக்கத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர், மொத்தம் எட்டு மில்லி. கட்டி அதைவிடச் சின்னதுன்னா பாதிப் பெட்டியில நல்ல மூளை உட்கார்ந்திருக்கும், அப்ப என்.ஏ.ஏ. நல்லாத்தானே தெரியும்? பெட்டி மூலை மண்டையோட்டுத் தோல் கொழுப்பைத் தொட்டா 1.3-ல பெரிய கோபுரம் எழும்பும். அதைப் பார்த்து "நெக்ரோசிஸ்", அதாவது திசு செத்துப்போச்சுன்னு எழுதினவங்களும் உண்டு.

டெம்பொரல்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்குத் தலைவலி. கீழே காதெலும்பு, உள்ளே காத்துப் பைகள். எலும்பும் காத்தும் சேர்ற இடத்துல காந்தப்புலம் கோணிக்கும். ஷிம், அதாவது புலத்தைச் சீராக்குற வேலை, பண்ணா பண்ணிக்கிட்டே இருக்கணும். ஆபரேஷன் பண்ண இடத்துல கிளிப், பிளேட், பழைய ரத்தக்கசிவு இருந்தா இன்னும் மோசம். தண்ணீரோட அகலத்தை கன்சோல் காட்டும். அது விரிஞ்சு கிடந்தா அதுக்கப்புறம் எடுக்கிறது வெட்டி வேலை. அடுத்த பேஷன்ட் வெளியே காத்திருக்கார்னு சில இடத்துல அப்படியே எடுத்து அனுப்பிடுவாங்க.

நேரம்? 128 தடவை, ஒவ்வொண்ணும் 1.5 செகண்ட், கூட்டிப் பாருங்க, மூணு நிமிஷத்துக்கு மேல கொஞ்சம். அந்த மூணு நிமிஷம் தலை ஆடக்கூடாது. பெட்டி வைக்கிறது, ஷிம் எல்லாம் சேர்த்தா கூடுதலா கால் மணி நேரம் வச்சுக்கோங்க.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. மண்டை வீக்கத்துக்கு மேனிட்டால் பாட்டில் ஏத்தியிருந்தா 3.8 பக்கம் ஒரு சிகரம் வரும். வலிப்புக்குப் போடற சில ஊசி மருந்து புரோப்பிலீன் கிளைகால்ல கரைச்சது, அது 1.1-ல நிக்கும், லாக்டேட்னு ஏமாந்துடுவாங்க. அதனால என்ன மருந்து ஓடுதுன்னு சீட்டு கொண்டு போங்க.

#11 · வேம்படியான்

ஒரே மூச்சில் படித்தேன். எல்லாருக்கும் பெரிய நன்றி. பயாப்சி ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "ஐ.டி.எச். வைல்டு டைப், எம்.ஜி.எம்.டி. மெத்திலேட்டட்" என்று இருக்கிறது. ஐ.டி.எச்.-ஐ ஸ்பெக்ட்ரோஸ்கோபியிலேயே கண்டுபிடிக்கலாம் என்று எங்கோ படித்தேன். அது நமக்குப் பயன்படுமா?

#12 · நல்லூரான்

ஐ.டி.எச். விஷயம் நான் ஆராய்ச்சியில பார்க்கிற பகுதி, அதால சொல்லுறன். உங்கட சித்தப்பாவுக்கு நேரடியாப் பயன் இல்லை. ஏனெண்டு கீழே விளங்கும். ஆனா இந்த முழுத் துறையிலும் எனக்கு ஆகப் பிடிச்ச கதை இதுதான்.

2008-இல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆக்கள், அப்ப கிளையோபிளாஸ்டோமா எண்டு சொன்ன கட்டிகளின்ர ஜீன்களை வரிசைப்படுத்தேக்க ஐ.டி.எச்.1 எண்ட ஜீன்ல ஒரே இடத்தில, 132-ஆவது அமினோ அமிலத்தில, மாற்றம் இருக்கிறதைக் கண்டவை. இது வழமையான கேன்சர் ஜீன் இல்லை, செல்லின்ர வளர்சிதை மாற்றத்தில வேலை செய்யிற சாதாரண என்சைம். அடுத்த வருசம் நேச்சர்ல விடை வந்தது: மாறின என்சைம் 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் எண்ட பொருளைக் குவிக்குது. சாதாரண மூளையில அது இல்லை எண்டே சொல்லலாம். இந்தக் கட்டிக்குள்ள மில்லிமோலார் கணக்கில நிக்குது. அப்பிடியெண்டால் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில தெரிய வேணுமே!

தெரிஞ்சது, ஆனா லேசில இல்லை. அதின்ர முக்கிய சிகரம் 2.25-இல, குளுட்டமேட், குளுட்டமைன், காபா எல்லாம் நெருக்கியடிச்சு நிக்கிற இடம். டல்லஸில சோய் குழு எதிரொலி நேரத்தை 97 மில்லிசெகண்டுக்குச் சரிசெய்து, பக்கத்துச் சிகரங்களை ஒடுக்கி, 30 பேரில காட்டினவை; 2012 நேச்சர் மெடிசின். அதே வருசம் பாஸ்டன் ஆக்களும் வேற முறையில காட்டினவை. கோலின் மாதிரி "கூடியிருக்கு, குறைஞ்சிருக்கு" எண்டு இழுக்கிற சமாச்சாரம் இல்லை இது. ஒரு ஜீன் மாற்றத்தின்ர நேரடி விளைபொருளை மண்டையோட்டைத் திறக்காமல் வாசிக்கிறது. சின்னக் கட்டியெண்டால் தவறிப்போகும், அவசரமா எடுத்தால் இல்லாததையும் காட்டும், அது உண்மைதான்.

2021 உலக சுகாதார நிறுவனத்தின்ர வகைப்படுத்தலில ஐ.டி.எச். மாறாததைத்தான் கிளையோபிளாஸ்டோமா எண்டே சொல்லுகினம். உங்கட சித்தப்பாவின்ரது வைல்டு டைப், அதாவது ஜீன் மாறாதது, ஆக அந்தப் பொருள் அவரின்ர கட்டியில குவியாது. ஐ.டி.எச். மாறின கிரேடு 2 ஆக்களுக்கு இது பெறுமதி. 2024 ஓகஸ்டில அமெரிக்காவில வோராசிடெனிப் எண்ட மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. அது அந்த என்சைமைத்தான் அடக்குது. மருந்து வேலை செய்யுதோ எண்டு அந்தச் சிகரம் இறங்கிறதை வைச்சுப் பார்க்கலாம்.

#13 · புரோட்டான் சுப்பு

நல்லூரான், ஹைப்பர்போலரைஸ்டு பைருவேட்டையும் சொல்லுங்களேன். நான் ஒரு கருத்தரங்கில் கேட்டு வாயைப் பிளந்த விஷயம்.

#14 · நல்லூரான்

சுருக்கமா. கார்பன்-13 போட்ட ஒரு மூலக்கூறை ஏறக்குறைய ஒரு கெல்வின் குளிரில வைச்சு, எலெக்ட்ரானின்ர காந்த ஒழுங்கைக் கார்பனுக்கு மாத்தி, சடாரெண்டு கரைச்செடுத்தால் சிக்னல் பத்தாயிரம் மடங்குக்கு மேல கூடும் எண்டு 2003-இல காட்டினவை. பிரச்சினை, அந்தப் பலம் ஒரு நிமிசக் கணக்கில வடிஞ்சிடும். கரைச்ச கையோட ஊசியால ஏத்தி, படமும் எடுத்து முடிக்க வேணும். சர்க்கரை உடையேக்க வாற பைருவேட்டை இப்பிடி ஏத்தினால், அது கட்டிக்குள்ள லாக்டேட்டா மாறுறதை ஓடும்போதே பார்க்கலாம், மேடம் சொன்ன வார்பர்க் விஷயம் அப்பிடியே கண்ணுக்கு முன்னால. கேம்பிரிட்ஜ் ப்ரிண்டில் குழு 2007-இல எலிக் கட்டியில, மருந்து குடுத்த பிறகு இந்த மாற்றம் குறையிறதைக் காட்டினது. மனிசரில முதல்ல செய்தது சான் பிரான்சிஸ்கோவில, 31 புரோஸ்டேட் நோயாளிகள், 2013. இப்பவும் ஆராய்ச்சிக் கூடங்களில மட்டும்தான் நடக்குது.

#15 · ஐயப்பேர்வழி

எல்லாம் சரி. ஆனால் பேஷன்ட் அதிக நாள் வாழ்ந்தாரா? அதுதானே கேள்வி.

பிரான்சில் ஸ்பெக்ட்ரோ-கிளையோ என்று ஒரு ஆய்வு. கிளையோபிளாஸ்டோமா 180 பேர். கோலின்/என்.ஏ.ஏ. விகிதம் 2-க்கு மேல் இருக்கும் இடத்தைக் குறித்து, அங்கே ரேடியேஷனை 72 கிரேக்கு ஏற்றினார்கள். மற்றப் பாதிப் பேருக்கு வழக்கமான 60. குலுக்கல் முறையில் பிரித்த ஒழுங்கான ஆய்வு. ஆயுளில் வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகம் முன்னின்று 30 பேருக்கு 75 கிரே கொடுத்துப் பார்த்தார்கள், நல்லபடியாக இருந்தது என்று எழுதினார்கள். ஒப்பிட இன்னொரு குழுவே இல்லாத 30 பேர். எதை நம்புவது என்று நீங்களே சொல்லுங்கள்.

#16 · நிழல்படம்

ஐயா, அந்த ஆய்வு காட்டியது அங்கே கூடுதல் ரேடியேஷன் கொடுத்துப் பயனில்லை என்பதை. கட்டி எங்கே இருக்கிறது என்று ஸ்பெக்ட்ரோஸ்கோபி தப்பாகச் சொன்னது என்று அதிலிருந்து எடுக்க முடியாது. கிளையோபிளாஸ்டோமாவில் ரேடியேஷனை ஏற்றிப் பார்த்த பழைய ஆய்வுகளும் தோற்றவைதான், அங்கே ஸ்பெக்ட்ரோஸ்கோபியே இல்லை. எமரி பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

மார்பகத்தில் டெல்லி எய்ம்ஸில் ஜகந்நாதன் குழு 2001-இல் செய்ததைப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுக்கும்போது கோலின் சிகரம் குறைகிறதா, மறைகிறதா என்று தொடர்ந்து பார்த்தார்கள். "இது கேன்சரா?" என்று கேட்பதைவிட "போன தடவைக்கு இந்தத் தடவை என்ன மாறியது?" என்று கேட்டால் இந்தக் கருவி ஒழுங்காகப் பதில் சொல்லும் என்பது என் அபிப்பிராயம். ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிடுகிறோம்.

வேம்படியான், இனி உங்கள் விஷயம். ரேடியேஷன் டாக்டர் சொன்னதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ரேடியேஷனும் டெமோசோலமைடும் முடிந்த முதல் 12 வாரத்தில் ரேடியேஷன் பட்ட இடத்துக்குள் புது வளையம் வந்தால், அதைக் கட்டி வளர்ந்ததாக அவசரப்பட்டு எழுதக்கூடாது என்று 2010-இல் வந்த ரானோ வரையறை (மூளைக் கட்டி சிகிச்சைக்கு எப்படிப் பதில் தருகிறது என்று மதிப்பிடும் விதிகள்) சொல்கிறது. அது சிகிச்சையின் விளைவாக மட்டும் வந்ததென்றால் பொய்யான வளர்ச்சி என்போம், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்கும். எம்.ஜி.எம்.டி. மெத்திலேட்டட், அதாவது டி.என்.ஏ. பழுது பார்க்கிற அந்த ஜீன் அடக்கப்பட்டிருக்கிற, ஆட்களிடம் இது அதிகம் என்று 2008-லேயே இத்தாலியக் குழு காட்டியது. உங்கள் சித்தப்பா பத்தாவது வாரம், மெத்திலேட்டட். அதனால் அவர் சொன்னதை அலட்சியமாக எடுக்காதீர்கள். அதேசமயம் சித்தப்பாவுக்குப் பேச்சு குழறுகிறது, கை கால் இழுக்கிறது, தலைவலி ஏறுகிறது என்றால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

என் கையில் இருந்தால்? ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற பெர்ஃப்யூஷன் படத்தை முதலில் கேட்பேன். ஸ்பெக்ட்ரோஸ்கோபியை அதே சிட்டிங்கில் சேர்த்துக்கொள்வேன், அதுவும் ஒரே பெட்டி அல்ல, பல பெட்டி வைக்கிற மல்டிவாக்ஸல், எதிர்ப்பக்க நல்ல மூளையும் சட்டத்துக்குள் வருகிற மாதிரி. இரண்டும் ஒரே திசையில் கை காட்டினால் நம்பிக்கை வரும். ஆளுக்கொரு திசை காட்டினால் டாக்டர் சொன்ன இடைவெளியில் மறுபடி எம்.ஆர்.ஐ. தான். ஸ்பெக்ட்ரோஸ்கோபியை மட்டும் வைத்து டெமோசோலமைடை நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

#17 · ஐயப்பேர்வழி

கடைசிப் பாராவுக்கு என் கையெழுத்தும்.

#18 · வேம்படியான்

ரெண்டு டாக்டரையும் சேர்த்து வைத்துப் பேசினேன். மருந்து இப்போதைக்குத் தொடரும், ஆறு வாரம் கழித்து எம்.ஆர்.ஐ., பெர்ஃப்யூஷன், மல்டிவாக்ஸல் எல்லாம் ஒரே நாளில். நடுவில் பேச்சிலோ நடையிலோ மாற்றம் தெரிந்தால் உடனே. சித்தப்பா நேற்று கிரிக்கெட் பார்த்துக்கொண்டு அம்பயரைத் திட்டினார். பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. ஸ்கேனுக்குப் போகும்போது நான் என்னென்ன எடுத்துப் போகணும்?

#19 · காந்தக்காரன்

பழைய எம்.ஆர்.ஐ. எல்லாத்தோட சி.டி., ஃபிலிம் மட்டும் பத்தாது. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, கிளிப், பிளேட் எந்த உலோகம்னு அதுல இருக்கும். ரேடியேஷன் எந்தத் தேதி முடிஞ்சதுன்னு ஒரு சீட்டு. வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு, டெக்ஸாமெத்தசோன், எத்தனை மில்லிகிராம் ஓடுது, போன ஸ்கேன் அப்ப எவ்வளவு ஓடிச்சு, ரெண்டும் எழுதிக்கோங்க. ஸ்டீராய்டைக் கூட்டினாலே வளையம் சுருங்கித் தெரியும்.

முடிஞ்ச பிறகு வரைபடம் மட்டும் வாங்கிட்டு வராதீங்க. பெட்டியை எங்க வச்சாங்கன்னு மூணு பக்கமும் காட்டுற படம் கேளுங்க, டி.ஈ. எவ்வளவுன்னு அதுல அச்சாகியிருக்கணும். அடுத்த தடவை அதே மெஷின்ல, அதே டி.ஈ.ல, அதே இடத்துல எடுக்க வைங்க. வேற சென்டருக்கு மாத்தினீங்கன்னா ஒப்பிடறது கஷ்டம். தலையை ஆட்டாம படுக்கணும்னு சித்தப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. அன்னிக்கு மேட்ச் இல்லாத நாளாப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் போடுங்க.